பார்க்கும் அறையும் புழங்கும் அறையும்

இஸ்லாமியப் பண்பாட்டு நிலையம் என்றதும் நம்மவர் சிந்தை குவிமாடத்தையும் மினாராவையுமே நாடுகிறது. உள்ளே மக்கள் எங்கு அமர்வர், என்ன செய்வர் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலை நோக்குக. நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் 1823ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதெனக் கொள்ளப்படும் இத்தலத்தில் அப்பெரியாரின் அடக்கம் இல்லை. அது நாகூரிலேயே உள்ளது. எனவே இங்குள்ள உள்ளிடத்துக்குப் பொருள் தருவன ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்றமும் கந்தூரியும், நேர்ச்சையோடு வரும் ஆண்களும் பெண்களுமே எனலாம்.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் வீதியில் 1828 - 1830 காலத்தில் எழுந்த நாகூர் தர்ஹாவும் அடக்கமில்லா நினைவிடமே. 2011இல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. கட்டடம் பிழைத்தது, மகிழ்ச்சியே. ஆயினும் வேண்டுதல் நிகழ்ந்த இடம் பார்வையாளர் விளக்கங்களை வாசித்து நகரும் இடமாயிற்று.

நமக்கு அண்மையில், காத்தான்குடியில் 2015இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலை முன்னோர் வாழ்வை ஆளுயர உருவங்களால் காட்டுகிறது. உருவங்கள் ஆகுமா ஆகாதா என்பது மார்க்க அறிஞர்க்குரிய விவாதம். திறனாய்வாளன் கேட்கவேண்டியது வேறு: உருவத்தால் காட்டவியலாதது எது?

கிழக்குக் கரையோர முஸ்லிம்களிடையே வீடு சீதனமாக மகளுக்கே சேர்கிறது. மணமகன் அவ்வீட்டில் வந்து குடியேறுகிறான். மகளுக்கு வீட்டை ஒப்புவித்த பெற்றோர் அதே வளவிலோ அருகிலோ வேறொரு மனையில் ஒதுங்குவதுண்டு. 'குடி' எனும் குலப்பகுப்பும் தாய்வழியே வருகிறது. ஆகவே இங்கு அறையும் விறாந்தையும் மகள்மாரின் திருமணங்களைக் கணக்கிட்டே எழுகின்றன. உரலருகே ஒரு பெண்ணுருவை நிறுத்தினால் உரல் விளங்கும். அவ்வீடு அவளுடையது என்பது விளங்காது. நம் கட்டடக்கலையின் உயிர்நிலையோ அதுவே.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை கல்முனைக்குடி, மருதமுனைக் கரையோர வீடுகளைப் பெருந்தொகையாக அழித்துவிட்டது. அவ்வீடுகளில் வாழ்ந்த மூதாட்டியர் எஞ்சியிருக்கையிலேயே, எந்தச் சுவர் எந்த மகளுக்காக எழுந்தது என வரைபடத்தோடு பதிவுசெய்தல் வேண்டும். அம்பாறைக் கரையில் இனி ஒரு பண்பாட்டு நிலையம் எழுமாயின் அதன் உள்ளமைப்பு அப்பதிவிலிருந்தே தொடங்கவேண்டும். அரபு நாட்டு அலங்காரப் படங்களிலிருந்தன்று. மருதமுனைத் தறியொன்றை வைப்பதானால் கண்ணாடிக்குப் பின்னே வேண்டா, நூலோடு இயங்கட்டும். நெய்பவருக்குரிய கூலியையும் கட்டடச் செலவோடு சேர்த்தே கணக்கிடுக.