ஒற்றைத் தோட்டாவின் கம்பீரம்

ஆப்பிரிக்க எருமையைத் தேடிப் போகிறவருக்கு எத்தனை தோட்டா கைவசம் வேண்டும்? விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் உடனடியாகச் சுட இரண்டாவது இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகத்தான் இரட்டைக்குழல் ரைஃபிள் வந்தது. பிறகு நாலைந்து தோட்டா கொள்ளும் போல்ட் (தாழ்ப்பாள்) ரைஃபிள்களும் வந்தன. அப்படியிருக்க, சுட்டபின் அடுத்த தோட்டாவைக் கையால் எடுத்துப் போட வேண்டிய ஒற்றைத் தோட்டா ரைஃபிளை, யானைக்கும் எருமைக்கும் உரிய பெரிய கேலிபருக்கு மாற்றிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயன் கணக்குப் பார்த்தால் இது வீம்புதான். கைவேலையாகப் பார்த்தால், துப்பாக்கிப் பட்டறையில் நடக்கும் காரியங்களிலேயே மிகவும் ரசிக்கத்தக்கது இது என்பேன். வேட்டையில் எனக்கு ஈடுபாடில்லை; இரும்பையும் மரத்தையும் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்த ரசனைக்கு மூலபுருஷர் ஜான் ஃபார்க்கர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1872-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில், விசைக் காப்பைச் சுற்றியுள்ள லீவரைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை செங்குத்தாக இறங்கும். தோட்டாவை உள்ளே தள்ளி லீவரை மேலே இழுத்தால் கட்டை ஏறிப் பூட்டிக்கொள்ளும். வெடிப்பின் விசை முழுவதையும் கட்டைக்குப் பின்னால் இருக்கும் திண்ணமான எஃகுச் சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. பிரிஸ்டலில் ஜார்ஜ் கிப்ஸ் நிறுவனம் இதைச் செய்தது; மொத்தம் ஆயிரத்தை எட்டவில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் காடுகளில் அலைந்த வேட்டைக்காரர் ஃப்ரெடரிக் செலூஸ், இளமையில் ராட்சத 4-போர் துப்பாக்கிகளின் உதையை வாங்கி வாங்கி நரம்பு தளர்ந்தவர். பின்னாளில் அவர் விரும்பி ஏந்தியது கிப்ஸ் செய்த .461 கேலிபர் ஃபார்க்கர்சனைத்தான்.

ஃபார்க்கர்சனின் வடிவழகில் மயங்கிய இன்னொருவர் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் பில் ரூகர். பெட்டி நிறையத் தோட்டாக்கள் உள்ள ரைஃபிள்களைத்தான் சந்தை கேட்டுக்கொண்டிருந்த 1960-களில், அவர் துணிந்து ரூகர் நம்பர் 1 என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளைக் கொண்டுவந்தார். போல்ட் முன்னும் பின்னும் ஓடத் தேவையான நீளம் இதில் இல்லை. எனவே ஒரே நீளக் குழல் இருந்தாலும், போல்ட் ரைஃபிளைவிட இது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் குட்டை. எடை இரண்டு கைகளுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய கேலிபர் மாற்றத்துக்கு இன்று பெரும்பாலும் பட்டறைக்கு வருவது இந்த ரைஃபிள்தான்.

மாற்றங்களில் ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். ரூகர் நம்பர் 1, .458 வின்செஸ்டர் மேக்னம் கேலிபரில் ஆலையிலிருந்தே வந்தது. அதைப் பழைய பிரிட்டிஷ் தோட்டாவான .450 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு மாற்றுகிறார்கள். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே: .458 அங்குலம். எனவே குழலை மாற்றவோ அதன் மரைகளைத் தொடவோ வேண்டாம். தோட்டா அமரும் அறையை மட்டும் நீட்டி அகலப்படுத்தினால் போதும். .458 தோட்டாவின் அடியில் இருக்கும் பட்டையின் விட்டம் .532 அங்குலம். .450-இன் உடல் அடிப்பாகத்தில் .545 அங்குலம். ஆகவே ரீமர் என்ற குடைகருவி சுற்றி முடிக்கும்போது பழைய அறையின் தடயம் முழுவதும் புதிய அறைக்குள் கரைந்துவிடுகிறது. இரண்டு நிறுவனங்கள், இரண்டு நாடுகள், அரை நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி. இருந்தும் அளவுகள் இப்படிப் பொருந்துவது பார்க்கப் பார்க்கச் சுகமாக இருக்கும்.

.458 வந்தது 1956-இல். பழைய .450-இன் வலிமையைச் சிறிய கூட்டுக்குள் அடைத்துத் தருவதே அதன் நோக்கம். அப்படியானால் திரும்பப் பழையதற்குப் போவானேன்? அங்கேதான் இந்த மாற்றத்தின் அறிவு இருக்கிறது. சின்னக் கூட்டில் அதே வேலையை வாங்க வேண்டுமானால் அழுத்தம் ஏற வேண்டும். அழுத்தம் ஏறினால் வெயிலில் காய்ந்த தோட்டாவின் காலிக்கூடு அறைச் சுவரில் இறுகிக்கொள்ளும். போல்ட் ரைஃபிளில் கைப்பிடியைத் திருகிப் பிடுங்கலாம். இறங்குகட்டை ரைஃபிளுக்கு அத்தனை பிடுங்குவிசை கிடையாது. லண்டனின் ஜான் ரிக்பி 1898-இல் கார்டைட் மருந்தை நிரப்பிக் கொண்டுவந்த .450, மூன்றேகால் அங்குல நீளக் கூடு உடையது. 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம் குண்டை, நொடிக்கு 2150 அடி வேகத்தில், அதிக அழுத்தமில்லாமலே அனுப்புகிறது. சுட்டபின் கூடு சிரமமில்லாமல் வெளியே வரும். அதன் அடியில் துருத்தி நிற்கும் விளிம்பு, பிடித்து இழுக்க வாகான இடம். ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் குணத்துக்கு ஏற்ற தோட்டா இதுதான்.

இதே .450 இந்தியாவில் ஓர் அரசியல் சிக்கலில் மாட்டியது. மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அதன் குண்டுகள் பயன்பட்டுவிடும், கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்று பயந்த பிரிட்டிஷ் அரசு, 1907-ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் அந்தக் கேலிபரைத் தடை செய்தது. லண்டன் கடைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. .465, .470, .475 என்று ஒரு கூட்டமே பிறந்தது. வேட்டைக்காரரின் அலமாரியை நிறைத்த அத்தனை கேலிபர்களுக்கும் காட்டு விலங்குகள் காரணமில்லை. ஓர் அரசாணையே காரணம்.

அறையைக் குடைந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் பட்டறைக்குப் புதியவர். துளை பெரிதானதும் துப்பாக்கியின் ஒவ்வோர் அங்கமும் தன் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. புதிய விளிம்பு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலம். அதைப் பிடிக்க, காலிக்கூட்டை வெளியே இழுக்கும் இழுப்பானின் உதட்டை அரத்தால் புதிதாக வடிக்க வேண்டும். உதை, சாதாரண .30-06 ரைஃபிளைவிடச் சுமார் மூன்று மடங்கு. அதை அடக்க மொத்த எடை நாலரை கிலோவாவது வேண்டும். அந்தக் கூடுதல் எடையை எங்கே வைப்பது என்பதில்தான் கைதேர்ந்தவர் தெரிவார். முனையில் வைத்தால் கடப்பாரை. பின்கட்டையில் ஈயம் நிரப்பினால் மூக்கு மேலே தூக்கும். குழலின் அடிப்பாகத்தில் சதைப்பிடிப்பும் முனையை நோக்கி மெல்லிய இறக்கமுமாக இருப்பதே சரியான உருவம். தோளுக்குத் தூக்கும்போது அது தானாகக் குறி நோக்கிப் போகும். வார் மாட்டும் முன்வளையம் கட்டையில் இருந்தால் உதைக்கும்போது கையைக் கிழிக்கும் என்பதால், அது குழலுக்கே நகர்கிறது. பார்வைத் தகடு 50, 100, 200 கஜத்துக்கு மடக்கும் இலைகளாக வரும். ஒவ்வோர் இலையின் வெட்டையும் சுட்டுப் பார்த்து, அரம் போட்டு, மீண்டும் சுட்டுப் பார்த்து ஆழப்படுத்துகிறார்கள்.

மர வேலைதான் என்னைக் கட்டிப்போடுவது. கட்டைக்கு அக்ரூட் மரம். மணிக்கட்டுப் போல ஒடுங்கும் கழுத்தில் ரேகைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே சுழலும் ரேகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே ஆகாது. எஃகுப் பாகத்துக்குப் புகைக்கரி தடவி மரத்தில் அமர்த்துவார்கள். எடுத்துப் பார்த்தால் உரசிய இடங்களில் கரிப்புள்ளிகள். உளியால் அந்தப் புள்ளிகளை மட்டும் சீவுவார்கள். மீண்டும் கரி, மீண்டும் சீவல். மரம் முழுவதும் சீராகக் கறுக்கும்வரை. இத்தனை இறுக்கமாகப் பொருத்திய பிறகு, எஃகின் வால்பகுதிக்குப் பின்னால் மட்டும் மயிரிழை இடைவெளி விடுவார்கள். தெரியாதவர் அதைப் பார்த்துவிட்டுப் பொருத்தம் சரியில்லை என்பார். அந்த இடைவெளி இல்லையென்றால், சுடச் சுட வால் ஆப்பாகி மரத்தைப் பிளந்துவிடும். உதையைத் தாங்க வேண்டிய முகங்கள் வேறு. அவை மட்டும் மரத்தை முழுவதுமாகத் தொட வேண்டும். எங்கே தொட வேண்டும், எங்கே தொடக்கூடாது என்று தெரிந்தவர் கைபட்டது அந்த மயிரிழையில் தெரிகிறது.

இவ்வளவுக்கும் மேல் ஒரு தீர்ப்பு உண்டு. பிரிட்டனில் இப்படி மாற்றிய துப்பாக்கியை விற்க வேண்டுமானால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை இல்லத்தில் திரும்பச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். வழக்கத்தைவிட வலுவான தோட்டாவைச் சுட்டு, எஃகு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இது வெறும் சடங்கல்ல. ரிக்பி தன் கார்டைட்டை நிரப்பியது அதற்கு முன்பே இருந்த கரிமருந்துத் தோட்டாவின் அதே கூட்டில்தான். எனவே கரிமருந்துக் காலத்து .450 ரைஃபிளுக்குள்ளும் நைட்ரோ தோட்டா சிக்கலில்லாமல் நுழையும். நுழைவதெல்லாம் சுடத்தக்கதல்ல. அந்தப் பழைய எஃகு அதற்காகச் செய்ததல்ல என்பதைச் சொல்ல குழலின் அடியில் இருக்கும் முத்திரையைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதனால்தான் அசல் கிப்ஸ் ஃபார்க்கர்சன் ஒன்றைக் குடைந்து கேலிபர் மாற்றுகிறவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எண்ணிக்கையில் குறைந்த, முத்திரையோடு வந்த பொருளை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்த நம்பர் 1 இருக்கிறதே, அதில் கைவரிசையைக் காட்டட்டும்.

எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பதிலும் எனக்கு ஒரு கட்சி உண்டு. நம்பர் 1-இன் குழல் சட்டத்துக்குள் திருகப்படும் இடம் ஓர் அங்குல விட்டம்தான். .450 அதில் அடக்கமாக உட்காரும்; .500 இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். .577-க்கு விளிம்பே 19 மில்லிமீட்டர். அதையும் திணித்துக் காட்டியவர்கள் உண்டு. சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்கிறேன், ரசிக்க முடியவில்லை. வேட்டை அனுபவங்களை எழுதிய கென்னத் ஆண்டர்சனைப் படித்தவர்களுக்கு அவர் சேலம், தருமபுரிக் காடுகளில் சுமந்த .405 வின்செஸ்டர் நினைவிருக்கும். இந்தப் பட்டியலில் அது சின்னப் பிள்ளை. அதை வைத்தே அவரால் ஆட்கொல்லிகளை எதிர்கொள்ள முடிந்தது. துளையின் அகலத்தைக் கொண்டு பெருமை அளப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நல்ல மாற்றத்தை அடையாளம் காண என் அளவுகோல் எளியது. ரைஃபிளைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, லீவரைத் தள்ளிப் பார்த்து, ரேகைகளைத் தடவிப் பார்த்த பிறகும் இது வேறொரு தோட்டாவுக்குப் பிறந்தது என்ற சந்தேகம் வரக்கூடாது. குழலில் பொறித்த எழுத்தைப் படித்தால் மட்டுமே தெரிய வேண்டும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டால், பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கியதோடு நின்றுவிட்டார். மிச்சமிருக்கும் வேலையை வாங்கியவரின் தோள்பட்டைக்குத் தள்ளிவிட்டார் என்று அர்த்தம்.