முதல் கிலோவாட் சம்பாதிக்கும், மூன்றாவது தூங்கும்

காஞ்சிபுரம் பக்கம் ராஜகுளத்தில் என் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நான்கு சோலார் பேனல்கள் ஏறியிருக்கின்றன. ஒவ்வொன்றும் 540 வாட். மொத்தம் இரண்டு கிலோவாட் சொச்சம். ஆன்-கிரிட் வகை, பேட்டரி கிடையாது. போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: "இது போட்டா கரண்ட் பில்லே வராதாமே?" வராது என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் பல வீடுகளுக்குப் பில் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏற்கெனவே பெரிதாக எதுவும் வருவதில்லை. சோலார் கணக்கு இடிப்பது அங்கேதான்.

டான்ஜெட்கோ என்று இருந்தது 2024இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஆனது. ஊரில் அது என்றைக்கும் ஈபிதான். ஈபியின் வீட்டு மின்சாரம் மலிவு. 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானபோது கையெழுத்திட்ட உத்தரவின்படி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் ஆனது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கு நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. 2024 ஜூலையில் மறுபடி ஏறியது. 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. ஆக 2025 ஜூலைக்குப் பிந்தைய நிலவரம் இது: இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்கு, 101இலிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓட்டினால் பில் 1,805 ரூபாய்.

500ஐத் தாண்டினால் கதை வேறு. அந்த 2.35 சலுகை போய்விடும், இரண்டாவது நூறுக்கும் 4.70தான். 501க்கு மேல் 8.40, 601க்கு மேல் 9.45, 801க்கு மேல் 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. 510 யூனிட் ஓட்டிய வீட்டுக்குப் பில் 2,124 ரூபாய். கூடுதலாக ஓடிய பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! சோலார் வாங்க நினைப்பவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது இதைத்தான். பேனலின் வாட், பிராண்ட், மோனோவா டாப்கானா என்பதெல்லாம் அப்புறம்.

ஏனென்றால் ஈபிக்குத் தந்த யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து கழிக்கிற நெட் மீட்டர் வைத்த வீட்டில் சோலார் யூனிட் உங்கள் பில்லை மேலிருந்து கீழாகத் தின்கிறது. முதலில் 9 ரூபாய் யூனிட், பிறகு 6 ரூபாய் யூனிட், பிறகு 4.70, கடைசியில் 2.35. அதற்கும் கீழே இலவச நூறு. அதைத் தின்று ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த யூனிட்டை விளைவிக்கவும் பேனலுக்கு வேண்டிய வெயில் ஒன்றுதான். அது விளைவிக்கிற யூனிட்டின் விலைதான் கீழே இறங்க இறங்கக் கரைகிறது.

அக்கா வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சராசரியாக 520 யூனிட். ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார், நான்கு மின்விசிறி. பில் 2,208 ரூபாய். நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஒரே ஒரு கிலோவாட் போட்டிருந்தால் 520 என்பது 280 ஆகும், பில் 611 ரூபாய்க்கு இறங்கும். வருஷத்துக்கு மிச்சம் 9,582 ரூபாய். மானியம் போக 50,000 ரூபாய் கைச்செலவு என்றால் ஐந்து வருஷம் சொச்சத்தில் போட்ட பணம் வந்துவிடும். நல்ல முதலீடு.

இரண்டாவது கிலோவாட்? அது அந்த 611 ரூபாயைப் பூஜ்ஜியமாக்குகிறது. வருஷத்துக்கு 3,666 ரூபாய். அதற்காகக் கூடுதலாகப் போட்டது 40,000. பதினோரு வருஷம். இன்வெர்ட்டர் அதற்குள் ஒருமுறை மாற்ற வேண்டி வந்தால் அந்தக் கணக்கும் தள்ளிப்போகும். மூன்றாவது கிலோவாட் போட்டிருந்தால் இந்த வீட்டில் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஆனால் விற்க வந்தவர் மூன்றையே வலியுறுத்தினார். காரணம் மத்திய அரசு மானியம்: 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக உச்சம் 78,000. "எழுபத்தெட்டாயிரம் சும்மா வருது, விடலாமா?" என்பது அவர் வாதம். மானியம் வருகிறதே என்று தேவையில்லாததை வாங்கினால் மீதிப் பணம் நம் பையிலிருந்துதான் போகிறது. அக்காவின் கணவரான மாமா இரண்டில் நின்றுகொண்டார். நான் ஒன்றில் நிற்கச் சொன்னேன். மச்சான் பேச்சு எடுபடவில்லை.

மூன்று கிலோவாட் யாருக்கு? இரண்டு ஏசி ஓடுகிற, 900 யூனிட் வீட்டுக்கு. அங்கே பில் 5,820 ரூபாய். மூன்று கிலோவாட் 720 யூனிட்டைக் கழித்தால் 188 ரூபாய்தான் மிஞ்சும். மானியம் போக ஒன்றேகால் லட்சம் செலவழித்தவருக்கு நான்கு வருஷத்துக்குள் பணம் திரும்பிவிடும். காஞ்சிபுரம் டவுனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கும். உத்திரமேரூர் சுற்று கிராமங்களில் விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோலார்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அக்கா வீட்டு மின்விசிறிகள் பழையவை, ஒவ்வொன்றும் 75 வாட் இழுப்பவை. பி.எல்.டி.சி. வகை 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நான்கு விசிறி, நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 162 யூனிட் மிச்சம். 520 என்பது 358 ஆகும், 500 என்கிற வரப்புக்கு உள்ளே வந்துவிடும், பில் 978 ரூபாய். வருஷத்துக்கு 7,380 ரூபாய் மிச்சம், செலவு 12,000 ரூபாய் அளவில். இரண்டு வருஷம்கூட ஆகாது! மாடி ஏற வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். விசிறியை மாற்றிய பிறகு சோலார் கணக்கைப் போட்டால் முதல் கிலோவாட்டுக்கே ஒன்பது வருஷம் ஆகிறது. அதனால்தான் யாரும் இந்த வரிசையில் சொல்வதில்லை போலிருக்கிறது.

சரி, மாட்டியாகிவிட்டது. எப்படி ஓடுகிறது?

வேலை சுத்தம். கால்வனைஸ் செய்த இரும்புச் சட்டத்தை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், அடியில் அக்கா வழக்கம்போல வடாம் காயவைக்கிறாள். தாழக் கட்டினால் செலவு குறையும், ஆனால் மாடி போய்விடும். கிராமத்து வீட்டில் மாடி என்பது நெல்லும் மிளகாயும் துணியும் காய்கிற இடம், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. உயர்த்திக் கட்டினால் காற்று பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 2016 டிசம்பர் வர்தா புயல் இந்தப் பக்கம் என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். தூணை மாடித் தளத்தில் எப்படி ஊன்றுகிறார்கள், கான்கிரீட் கட்டை என்ன கனம் என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். பேனல்கள் தெற்குப் பார்த்து லேசான சாய்வில் இருக்கின்றன. நாம் இருப்பது 13 பாகை அட்சரேகையை ஒட்டி என்பதால் அந்தச் சாய்வே போதும்.

கத்திரி வெயிலில் கொட்டோ கொட்டென்று கரண்ட் வரும் என்று மாமா எதிர்பார்த்தார். வராது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. கண்ணாடி 60 டிகிரிக்குக் கொதிக்கும்போது உற்பத்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். மாசி, பங்குனியில் தெளிந்த வானம், அவ்வளவு சூடு இல்லாத காற்று: அப்போதுதான் நாளுக்கு ஒன்பது யூனிட்டைத் தொடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு, மூன்று யூனிட்டோடு நின்றுவிடும் நாட்களும் உண்டு.

அழுக்கு ஒரு பெரிய விஷயம். கல்குவாரி லாரி ஓடுகிற சாலைப் புழுதி, அறுவடை மெஷின் ஓடும் நாட்களில் பறக்கும் நெல் தூசி, காக்கை எச்சம். தூசி பரவலாகப் படிந்தால் கொஞ்சம் குறையும், எச்சம் ஒரே இடத்தில் கெட்டியாக ஒட்டினால் அந்த வரிசையே சுணங்கும். விடியற்காலையில் கண்ணாடி ஆறியிருக்கும்போது கழுவ வேண்டும். இங்கே போர் தண்ணீர் உப்பு. அக்கா முதலில் ஹோஸ் பிடித்து அடித்துவிட்டு அப்படியே விட, காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இப்போது துடைப்பான் போட்டு வழித்துவிடுகிறாள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட மேல்.

கரண்ட் போனால் சோலாரும் போய்விடும் என்பது இந்த வீட்டில் பெரிய ஏமாற்றம். உச்சி வெயில், பேனல் பளபளக்கிறது, வீட்டில் பாதி விசிறி நின்றுவிட்டது.

"என்னடா இது, மேல வெயில் காயுது, கீழ காத்து வரல?"

"அப்படித்தான்க்கா. லைன்ல கரண்ட் இல்லன்னா இன்வெர்ட்டர் தானா நின்னுடும். இல்லன்னா போஸ்ட்ல ஏறியிருக்கிறவர் மேல உன் வீட்டு கரண்ட் பாயும்."

பாதுகாப்புக்காக எல்லா ஆன்-கிரிட் இன்வெர்ட்டரிலும் இருக்கும் ஏற்பாடு அது. மின்தடைக்காகத்தான் சோலார் என்று நினைப்பவர் பேட்டரி வைத்த ஹைப்ரிட் வகைக்குப் போக வேண்டும், அதில் பேட்டரி விலைக்கு இந்த மானியம் கிடையாது. அக்கா வீட்டில் ஏற்கெனவே 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியோடு ஒரு சாதா இன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு விசிறி, நான்கு விளக்குக்கு அதுவே போதும். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

கிராமத்து லைனுக்கே உரிய இன்னொரு தொல்லை வோல்டேஜ். சாயங்காலம் லோ வோல்டேஜில் ஏசி திணறும். மதியம் அதற்கு நேர்மாறாக 250 வோல்ட்டைத் தாண்டி ஏறிவிட்டால் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டு சிவப்பு விளக்கு காட்டும். நல்ல உற்பத்தி நேரம் அப்படியே வீணாகும். டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது, மதியம் வோல்டேஜ் என்ன என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போன் ஆப் எல்லாவற்றையும் அழகாகக் கோடு போட்டுக் காட்டுகிறது, வைஃபை இருந்தால்தான். ஆப் இல்லாமலும் இன்வெர்ட்டர் திரையில் அன்றைய யூனிட் தெரியும், அது போதும்.

நெட் மீட்டர் என்கிற அந்த இருவழி மீட்டர் வைப்பதற்கு முன்னால் ஆர்வக்கோளாறில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் கரண்ட் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் கூட்டியே காட்டும். நீங்கள் ஈபிக்குத் தந்த யூனிட்டுக்கும் நீங்களே காசு கட்டுவீர்கள்.

இந்த ஏற்பாடு முழுக்க நெட் மீட்டர் விதியின்மேல்தான் நிற்கிறது. பகலில் யாரும் வீட்டில் இல்லாதபோது விளையும் யூனிட்டை ஈபி வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி ஏசிக்குத் திருப்பித் தருகிறது. கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்த வீடுகளுக்கு அந்தச் சலுகையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். இலங்கையில் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து வெயில் மிகுந்துபோனதால், கூரை சோலாரை அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. நம் பக்கம் ஆபத்து வேறு மாதிரி: இலவச யூனிட் கூடினால் சோலார் போட்டவரின் லாபம் அந்த அளவுக்குக் குறையும். தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் இலவச மின்சாரத்தைக் குறைப்பேன் என்று ஓட்டு கேட்கப் போவதில்லை. ஆகவே 25 வருஷ உத்தரவாதம், 25 வருஷ லாபம் என்று துண்டுப் பிரசுரத்தில் போடும் கணக்கை நான் நம்பமாட்டேன். ஏழு வருஷத்துக்குள் வரவில்லை என்றால் விட்டுவிடலாம் என்பது என் அளவுகோல். அக்காவின் இரண்டு கிலோவாட் 90,000 ரூபாய்க்கு வருஷம் 13,248 ரூபாய் தருகிறது. ஏழுக்குள் மயிரிழையில் பாஸ்.

அடுத்த தெரு நெசவாளர் ஒருவர் மாடியேறி வந்து பார்த்தார். கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் உண்டு. உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பில் 600 ரூபாய்க்குள் கட்டுகிற எவருக்கும் அதே பதில்தான். 500 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே தள்ளாடுகிறவர்கள் முதலில் விசிறியை மாற்றட்டும், அப்புறமும் தாண்டினால் ஒரு கிலோவாட். 700, 800க்கு மேல் போகிறவர்கள் யோசிக்காமல் போடலாம்.

முடிவெடுத்தவர்கள் பேனல் விலை கேட்பதற்கு முன் ஈபி அட்டையை எடுத்துப் பாருங்கள். கிராமத்தில் பாதி சர்வீஸ் காலமான தாத்தா பேரில், மாமனார் பேரில் ஓடிக்கொண்டிருக்கும். மானியம் இணைப்பு யார் பேரிலோ அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அக்கா வீட்டில் பேனலை மாட்டியது ஒரு பகல் வேலை. மாமனார் பேரிலிருந்து மாமா பேருக்கு சர்வீஸை மாற்றத்தான் வாரிசுச் சான்று, வீட்டுவரி ரசீது, தம்பிமாரின் சம்மதக் கடிதம் என்று அலைய வேண்டியிருந்தது.