திசையிலிப் புலமும் லாக்ராஞ்சியன் முறையும்: ஒரு திறனாய்வு

இடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நேரத்திலும் ஓர் எண்ணை மட்டும் கொண்டிருப்பது திசையிலிப் புலம் (ஸ்கேலர் புலம்) எனப்படும். பாடநூல்கள் பெரும்பாலும் வெப்பநிலையையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றன. திருமங்கலத்திலிருந்து மதுரை வரை எந்த இடத்திலும் வெப்பநிலைக்கு ஓர் எண் உண்டு, திசை இல்லை. வரையறைக்கு இது பொருந்தும். ஆனால் அடுத்து இயக்கச் சமன்பாட்டை வருவிக்கும்போது இதே எடுத்துக்காட்டு மாணவரைக் குழப்புகிறது.

முறை எளியது. ஒளியின் வேகத்தை 1 எனக் கொள்வோம். புலத்தின் கால வகைக்கெழுவின் வர்க்கத்தில் பாதியிலிருந்து, இடச் சாய்வின் வர்க்கத்தில் பாதியையும் நிலையாற்றலையும் கழித்தால் லாக்ராஞ்சியன் அடர்த்தி கிடைக்கும். இதை இடம், காலம் முழுவதும் தொகையிட்டால் வருவது 'செயல்'. புலத்தைச் சிறிதளவு மாற்றினாலும் முதல் படியில் செயல் மாறக்கூடாது என்பது நிபந்தனை. எல்லையில் அந்த மாற்றம் சுழி என்பதால் எல்லை உறுப்பு நீங்கி, ஆய்லர்–லாக்ராஞ்சி சமன்பாடு எஞ்சுகிறது. நிலையாற்றல், நிறை வர்க்கம் மற்றும் புல வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கத்தில் பாதி எனில், 1926இல் வெளியான கிளைன்–கோர்டன் சமன்பாடு கிடைக்கும்.

இது அலைகளுக்குரிய சமன்பாடு. வெப்பமோ அலைபோல் செல்வதில்லை, பரவி மங்குகிறது. வெப்பநிலையை மட்டும் மாறியாகக் கொண்ட வழக்கமான லாக்ராஞ்சியன் எதுவும் வெப்பக் கடத்தல் சமன்பாட்டைத் தராது. துணைப் புலம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆகவே, ஒரு புலம் திசையிலி என்பதால் மட்டும் அதன் இயக்கம் தெரிந்துவிடாது. லாக்ராஞ்சியனில் நாம் இடுவதையே முறை திருப்பித் தருகிறது.

முறை எதையும் தடுப்பதும் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன், 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் ஒளியை விஞ்சும் துகள்களைப் பற்றி எழுதினார். அத்தகைய துகளின் புலத்துக்கு நிறை வர்க்கத்தின் குறியை மாற்றினால் போதும், சமன்பாடு வந்துவிடும். ஆனால் அதன் பொருளைச் சமன்பாடு சொல்வதில்லை. இன்று அந்தக் குறி பெரும்பாலும் விரைவின் அடையாளமாக அல்ல, சுழிநிலை நிலையற்றது என்பதன் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. ஹிக்சு புலத்தின் தொடக்கமும் இதுவே.

முறையின் உண்மையான வலிமை விரியும் அண்டத்தில் தெரிகிறது. கன அளவு நீள அளவுக்காரணியின் மூன்றாம் படியாக வளர்வதை லாக்ராஞ்சியனில் சேர்த்தால், ஹப்பிள் அளவுருவின் 3 மடங்கைக் கால வகைக்கெழுவால் பெருக்கிய உறுப்பு தானே வருகிறது. அது உராய்வு போலச் செயல்பட்டாலும், யாரும் கையால் சேர்த்தது அன்று.

எனவே பாடத்தை வெப்பநிலையில் அல்லாமல், பறைத்தோலின் மேல்கீழ் அசைவில் தொடங்குவது நல்லது. அங்கே ஒவ்வொரு உறுப்பும் எங்கிருந்து வந்தது என்பதை மாணவர் காண முடியும்: கால வகைக்கெழு தோலின் வேகம், இடச் சாய்வு அதன் இழுவிசை. லாக்ராஞ்சியனை ஏன் அவ்வாறு எழுதினோம் என்று சொல்லாத வருவிப்பு, மனப்பாடமாகவே எஞ்சும்.