வளையத்தின் உட்புறம்

நீண்ட லென்ஸ் ஒன்றைத் தாங்குவதற்குக் கேமராவின் அடிப்பாகத்தை மாத்திரம் நம்பியிருப்பது எவ்வளவு சங்கடமான காரியம் என்பதை, ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தை விஷுவ தினத்து மாலையில் படமெடுக்க முயன்ற எவரும் அறிவர். சுமார் நூறு அடி உயரமும் ஏழு நிலைகளும் கொண்ட அந்தக் கோபுரத்தின் நடுவாசல்களினூடே, மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் பகலும் இரவும் சமமாகின்ற நாட்களில், அஸ்தமன சூரியன் மேல்நிலையில் முதலில் தோன்றி, பிறகு சில நிமிஷ இடைவெளியில் ஒவ்வொரு நிலையாக இறங்கிவருவதைப் பார்ப்பதற்குக் கிழக்கேகோட்டைத் தெருவில் ஜனங்கள் கூடுகிறார்கள். நமது ஊர் பூமத்திய ரேகைக்கு எட்டரைப் பாகை மட்டுமே வடக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறான். தன் பருமன் அளவு தூரத்தைக் கடக்க அவனுக்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தில் முக்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவனுக்குக் காட்சி கிட்டாது.

கணக்கு எளிது. கோபுரத்திலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி நின்றால் அது எட்டரைப் பாகை உயரமாகத் தோன்றும். முழுச்சட்டகக் கேமராவில் பொருத்திய 200 மில்லிமீட்டர் லென்ஸோ, கேமரா கிடைமட்டமாக இருக்கையில் மேலிருந்து கீழாக ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், நெடுக்காகத் திருப்பினால் பத்துப் பாகைக்குச் சற்று அதிகமாகவும் பார்க்கும். ஆகவே கோபுரம் முழுவதும் வேண்டுமானால் கேமராவை நெடுக்காகத் திருப்பித்தான் ஆகவேண்டும். கேமராவின் அடியிலே முக்காலி இணைந்திருக்கும்போது அப்படித் திருப்புவதென்றால் முக்காலியின் தலையையே பக்கவாட்டில் சாய்க்கவேண்டும். சாய்த்தவுடன் லென்ஸின் அச்சு இடம் மாறிவிடும், பாரம் முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்கும், அமைத்த சட்டகம் கலைந்துபோகும். லென்ஸின் இடுப்பைப் பற்றிக்கொள்ளும் டிரைபாட் காலர் என்ற வளையம் இருந்தால் திருகைச் சற்றுத் தளர்த்திக் கேமராவோடு லென்ஸைச் சுழற்றினாலே போதும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இத்தனை அவசியமான ஓர் அங்கத்தை லென்ஸோடு தராமல் தனியாக விற்பது என்ற வழக்கத்தை நான் ஒருநாளும் நியாயமாகக் கருதியதில்லை. கேனனின் 70-200 எஃப்/4 எல் லென்ஸ் 1999ஆம் ஆண்டில் வந்தது. அதிர்வைத் தணிக்கும் ஏற்பாட்டோடு அதன் தம்பி 2006இல் வந்தான். எடை முறையே 705 கிராம், 760 கிராம். இரண்டின் தெளிவையும் நிறத்தையும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வெள்ளைக் குழாயின்மீது எனக்குள்ள பிரியம் இந்நாள் வரை குறையவுமில்லை. ஆயினும் இரண்டின் பெட்டியிலும் வளையம் கிடையாது. நிக்கானின் 70-200 எஃப்/4 லென்ஸுக்கும் இதே கதிதான். சிவப்புக் கோடு போட்ட உயர்வகை லென்ஸ் என்று விலை வாங்கிக்கொண்டு, அதை நிறுத்துவதற்கான வளையத்துக்கு மறுபடியும் ஒரு பெருந்தொகை கேட்பது கௌரவமான கம்பெனிகளுக்கு அழகல்ல.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் வேறு கம்பெனிகள் செய்யும் மாற்று வளையங்கள் நம்மிடம் வந்து சேருகின்றன. அசலின் விலையில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்து அத்தகைய வளையம் ஒன்றை வாங்கி, ஆடி மழையிலிருந்து இன்றுவரை உபயோகித்துவருகிறேன். வெள்ளைப் பூச்சு, கால் அங்குல மறை, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் திருகு. இவையெல்லாம் இத்தகைய மாற்று வளையங்களில் வழக்கமானவை. உலோகமும் குறைசொல்லும்படி இல்லை. வாங்குபவர்கள் எல்லாரும் உலோகத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், எடையைக் கேட்கிறார்கள், வெள்ளை நிறம் லென்ஸின் வெள்ளையோடு ஒத்துப்போகிறதா என்று ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். உண்மையில் இந்தப் பொருளின் குணதோஷம் அனைத்தும் உலோகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே ஒட்டப்பட்டிருக்கும் அந்த மெல்லிய கம்பளித் துணியில்தான் அடங்கியிருக்கிறது.

எங்கள் ஸ்ரீவராகம் கோயிற்குளத்தின் கரை, வளையம் லென்ஸை அசையாமல் பற்றுகிறதா என்ற பரீட்சைக்கு மிகவும் ஏற்ற ஸ்தலம். குளம் விசாலமானது; எதிர்க்கரையின் கற்படிகள் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. கேமராவின் பின்திரையில் கட்டக்கோடுகளை வரவழைத்து, ஒரு படியின் விளிம்பை அக்கோட்டோடு பொருத்தி, வளையத்தின் திருகை நன்றாக இறுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். கிடைமட்டமாக இருந்தவரையில் ஒரு குறையும் இல்லை. நெடுக்காகத் திருப்பி இறுக்கிவிட்டுக் காத்திருந்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்துக்குள், படியின் விளிம்பு கோட்டை விட்டு மயிரிழை, பிறகு இன்னொரு மயிரிழை என்று சாய்ந்துகொண்டே போயிற்று. நெடுக்காக நிற்கையில் கேமராவின் பாரம் முழு உபகரணத்தையும் மெல்ல மெல்லச் சுழற்றப் பார்க்கிறது. அதைத் தடுக்கவேண்டிய வளையம் தடுப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு வழிவிட்டுக்கொண்டிருந்தது. கற்படிக்கு இந்தச் சாய்வு பொருட்டல்ல. இருபுறமும் சமமாக உயர்ந்து நிற்கும் கோபுரத்துக்கு இது பெரிய விகாரம்.

காரணம் துணியின் இயல்பிலேயே இருக்கிறது. கம்பளித் துணி என்பது இழைகளும் இடையிடையே காற்றும் கலந்த மெத்தை. இறுக்கியவுடன் அது ஓரளவு அமுங்கும், ஆனால் அத்தோடு நிற்காமல் வெகுநேரம் வரை சிறிது சிறிதாக அமுங்கிக்கொண்டே இருக்கும். திருகை முறுக்கிய கணத்தில் இருந்த பிடிப்புப் பத்து நிமிஷத்துக்குப் பின் இருப்பதில்லை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் காற்றெல்லாம் ஈரமாயிருக்கும் நம் ஊரில் இழைகள் மேலும் துவள்கின்றன, ஒட்டுப்பசையும் இளகிவிடுகிறது. அந்த ஈரத்துணியை மாதக்கணக்கில் லென்ஸைச் சுற்றிக் கட்டிவைப்பதும் எனக்குச் சம்மதமில்லை; லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து வருந்தியவர்கள் இவ்வூரில் அநேகர்.

இறுக்கம் போதாவிட்டால் இன்னும் முறுக்கலாமே என்றால், அங்கேதான் மற்றொரு தோஷம் ஒளிந்திருக்கிறது. வளையத்தைப் பூட்டி, முடிந்தமட்டும் முறுக்கி, திருகின் அருகே வளையத்தின் இரண்டு உதடுகளும் சந்திக்கின்ற இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். இடையே ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தால் வளையம் லென்ஸைப் பற்றியிருக்கிறது. தெரியாவிட்டால் உலோகம் உலோகத்தைத்தான் பற்றியிருக்கிறது, லென்ஸை அல்ல. என் வளையத்தில் துணி அமுங்கிய பிறகு கீற்று மறைந்துபோயிற்று. அதன்பின் எவ்வளவு முறுக்கினாலும் திருகின் மறைக்குத்தான் கேடு.

ஆகவே துணியை உரித்தெடுத்தேன். அதற்குப் பதிலாக எதை ஒட்டுவது என்ற யோசனையோடு சாலை பஜாருக்குப் போனபோது, சைக்கிள் டியூப் ரப்பரைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். அங்கே நடைபாதையோரம் குடை ரிப்பேர் செய்கிற நாகர்கோயில்காரர் ஒருவர் வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரப்பரு பிடிச்சுக்கிடும் சார், திரும்பாது. திரும்பவும் வேணும், நிக்கவும் வேணும்னா குடைத்துணிதான். ஈரமும் குடிக்காது” என்றார். எத்தனையோ விளக்கக் குறிப்புகளில் கிடைக்காத தெளிவு அந்த வார்த்தைகளில் இருந்தது. குடையின் நைலான் துணி எளிதில் அமுங்குவதில்லை, நீரை அதிகம் ஏற்பதில்லை, இறுக்கம் தளர்ந்தால் தடையில்லாமல் வழுக்குகிறது. உரித்தெடுத்த துணியின் கனத்தை ஈடுசெய்யப் பிளாஸ்டிக் பைல் அட்டையிலிருந்து ஒரு பட்டை வெட்டி முதலில் ஒட்டி, அதன்மேல் அவர் கொடுத்த கறுப்புக் குடைத்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினேன். உதடுகளின் இடையே கீற்று மறுபடியும் தெரிந்தது. குளக்கரையில் அதே படியின் விளிம்பு, அதே நெடுக்கு நிலையில், இருட்டும் வரை கோட்டை விட்டு நகரவில்லை.

வேறு சில மனத்தாங்கல்களும் உண்டு. வளையத்தின் பாதம் மழமழவென்று இருக்கிறது. அதில் திருகுக்கான ஒரே ஒரு துவாரம் தவிர, முக்காலித் தலையில் பூட்டும் விரைவுத்தகடு சுழலாமல் தடுக்கும் வேறு ஆதாரம் இல்லை. தகடு மெல்லச் சுழன்றால் லென்ஸும் அதோடு சுழலும். இப்போது சில மாற்று வளையங்களில் பாதமே ஆர்க்கா-ஸ்விஸ் முறையில், இருபுறமும் சரிவாகச் செதுக்கப்பட்டு, தகடில்லாமலே முக்காலித் தலையில் நேராக அமர்கிறது. சற்று அதிக விலையானாலும் அதையே வாங்குவது உத்தமம். கிடைமட்டத்தையும் நெடுக்கையும் காட்டுவதற்காக வளையத்தில் இட்டிருக்கும் குறிக்கோடு லென்ஸின் குறியோடு பொருந்தவில்லை. சரியான இடத்தில் வெள்ளைப் பூச்சைச் சுரண்டி நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். நிறவேற்றுமையைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

சென்ற புரட்டாசி விஷுவத்தன்று மேகம் சற்று விலகிக் கொடுத்தது. மேல்நிலையில் சூரியன் தோன்றுமுன் கிடைமட்டத்தில் கோபுரத்தின் ஒரு பகுதியை மாத்திரம் எடுத்துவிட்டு, திருகைத் தளர்த்தி, நெடுக்காகச் சுழற்றி, இறுக்கினேன். சட்டகத்தின் நடுவிலிருந்த வாசல் நடுவிலேயே இருந்தது. கடைசி நிலை வரை எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது கோபுரத்தின் விளிம்பு இம்மியும் பிசகவில்லை. இத்தகைய படமெடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும்: கண்ணாடி மூலம் பார்க்கும் கேமராவின் பார்வைத்துளையில் கண்ணை வைத்து, நீண்ட லென்ஸ் வழியே சூரியனை நோக்கலாகாது, பின்திரையில்தான் பார்க்கவேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேனன் வளையத்தின் வகையைக் குறிக்கும் எழுத்தைக் கவனிக்கட்டும். 70-200 எஃப்/4க்கு ஏ வகை, 70-300 எல்லுக்கு சி வகை, 100 மில்லிமீட்டர் எல் மேக்ரோவுக்கு டி வகை. எழுத்து மாறினால் பொருந்தாது. அடுத்தபடியாகக் கீலை அசைத்துப் பார்க்கவேண்டும். கீலில் ஆட்டம் இருந்தால் எந்தத் துணியும் அதைத் திருத்தாது, கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். துணி மட்டமாயிருந்தால் பாதகமில்லை, அது மாற்றக்கூடியது. மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் யோசனை வேறு. பூவிதழிலிருக்கும் எறும்பை முழு அளவில் எடுக்கையில் கூர்மையாகத் தெரியும் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அங்கே வளையம் மயிரிழை அசைந்தாலும் எறும்பு மங்கிவிடும். அதற்குக் காசு சேர்த்து அசலையே வாங்கிக்கொள்வது நலம். 70-200க்கு அந்தச் செலவு தேவையில்லை.