ஆட்கள் கூண்டில், அரசு வெளியே

1993 மே 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தனது 827-வது தீர்மானத்தின் மூலம் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தை நிறுவியபோது, போஸ்னியப் போர் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. சரயேவோ முற்றுகையில் தவித்துக்கொண்டிருந்தது. போரை நிறுத்த மனமில்லாத வல்லரசுகள், ஏதோ செய்தோம் என்று காட்டிக்கொள்ள ஒரு நீதிமன்றத்தை வைத்தன என்று அப்போதே பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இரண்டே ஆண்டில், 1995 ஜூலையில், அதே கவுன்சில் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சா வீழ்ந்தது. போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக ஏறத்தாழ 8,000 பேர் சில நாட்களுக்குள் கொல்லப்பட்டார்கள். தி ஹேக் நகரில் ஒரு நீதிமன்றம் திறந்திருக்கிறது என்ற எண்ணம் போஸ்னிய செர்பியப் படைத் தளபதி ராட்கோ ம்லாடிச்சின் கையைத் தடுக்கவில்லை. போர்க்குற்ற விசாரணை அடுத்த குற்றத்தைத் தடுக்கும் என்ற வாதத்தை இத்தோடு ஓரமாக வைத்துவிடலாம்.

அப்படியானால் அந்தத் தீர்ப்பாயம் எதற்குப் பயன்பட்டது? பொய்யை உடைக்கப் பயன்பட்டது. ஸ்ரெப்ரெனிட்சாவில் கொன்றவர்கள் முதலில் சடலங்களைப் பெரிய குழிகளில் போட்டு மூடினார்கள். விஷயம் வெளியே கசிந்ததும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இயந்திரங்களை வைத்துத் தோண்டியெடுத்து, லாரிகளில் ஏற்றிப்போய் வேறு குழிகளில் புதைத்தார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் இரண்டு மூன்று இடங்களில் சிதறின. புலனாய்வாளர்கள் பழைய குழியையும் புதிய குழியையும் தோண்டி மண், மகரந்தம், தோட்டா உறை, கண்ணைக் கட்டிய துணி என ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். கோஸ்லுக் என்ற ஊரில் பாட்டில் ஆலைக் கழிவான பச்சைக் கண்ணாடி கொட்டிக் கிடந்த இடத்தில் வைத்துச் சுட்டிருந்தார்கள். அதே பச்சைச் சில்லுகள் வேறொரு குழியில் எலும்புகளோடு கலந்து கிடைத்தன. செத்தவர்கள் எல்லாம் சண்டையில் மாண்ட போராளிகள் என்ற கதை, கட்டிய கைகளோடு கிடைத்த எலும்புக்கூடுகளின் முன் நிற்கவில்லை.

போஸ்னிய செர்பியப் படையில் இருந்த டிராஜென் எர்டெமோவிச் என்ற சிப்பாய் தானாக முன்வந்து, பிரான்யெவோ பண்ணையில் தன் கையால் எழுபது பேர் வரை சுட்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது 5 ஆண்டு. கணக்குப் போட்டால் கசக்கிறது. ஆனால் அவர் வாய் திறந்த பிறகுதான் அந்தப் பண்ணையில் நடந்தது, கொன்றவன் தரப்பிலிருந்தே சாட்சியமாகப் பதிவானது. இந்தப் பேரத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பில்யானா ப்லாவ்ஷிச்சின் பேரம் வேறு வகை. போஸ்னிய செர்பியத் தலைமையில் உச்சத்தில் இருந்த அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, வருந்துவதாகச் சொல்லி, 2003-ல் 11 ஆண்டு தண்டனை பெற்றார். இனப்படுகொலைக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 2009-ல் மூன்றில் இரண்டு பங்கு கழிந்ததும் வெளியே வந்தார். அந்த வருத்தத்தையும் பிறகு மறுத்துவிட்டார். நன்னடத்தைக்காக மூன்றில் இரண்டு பங்கில் விடுவது ஏறக்குறைய வாடிக்கையாகவே ஆகிவிட்டது. பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் கட்டாயமும் அதில் இல்லை.

சட்டத்துக்கு இந்தத் தீர்ப்பாயம் சேர்த்தது சாதாரணமானதல்ல. ஃபோச்சா நகரில் பெண்களை அடைத்துவைத்து வன்புணர்ந்த மூவருக்கு 2001-ல் வழங்கிய தீர்ப்பு, அதை மானுட குலத்துக்கு எதிரான குற்றமாகவும் அடிமைப்படுத்தலாகவும் வகுத்தது. போரென்றால் இதெல்லாம் நடக்கும் என்று ஒதுக்கப்பட்டுவந்த ஒன்று தனிக் குற்றமாக எழுந்து நின்றது. அதே ஆண்டு ஜெனரல் ராடிஸ்லாவ் க்ர்ஸ்டிச் வழக்கில், ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலையே என்று நீதிபதிகள் உறுதிசெய்தார்கள். 2004 மேல்முறையீட்டில் அவர் செய்தது 'உடந்தை' என்று தளர்ந்து தண்டனை 46-லிருந்து 35 ஆண்டாகக் குறைந்தாலும், இனப்படுகொலை என்ற முடிவு அசையவில்லை.

செர்பியர்களை மட்டும் குறிவைத்தார்கள் என்ற புகார் பெல்கிரேடில் இன்றும் ஓயவில்லை. இது அரை உண்மை. குரோவாசியர்கள், போஸ்னிய முஸ்லிம்கள், கொசோவோ அல்பேனியர்களும் கூண்டில் நின்றார்கள். செலெபிச்சி முகாமில் செர்பியக் கைதிகளைக் கொன்றதற்கும் தண்டனை விழுந்தது. ஆனால் 1999-ல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது வீசிய குண்டுகளுக்கு விசாரணையே தேவையில்லை என்று தலைமை வழக்கறிஞர் கார்லா டெல் போன்டே 2000-ல் முடிவெடுத்தார். நீதிமன்றத்துக்குப் பணமும் ஆதரவும் தந்த நாடுகள் மீதே வந்த புகார் அது. ஒரு முழு விசாரணையாவது நடத்தியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு வாய் கிடைத்திருக்காது.

என் குறை இதைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது. இந்தத் தீர்ப்பாயம் தனிமனிதர்களை மட்டுமே விசாரித்தது. ஓர் இனம் முழுவதன் தலையிலும் பழி விழாமல் காப்பது இந்த முறைதான். ஆனால் போஸ்னியாவில் கொன்ற படைக்குச் சம்பளமும் எரிபொருளும் ஆயுதமும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழுந்ததும் கையில் வலு இல்லாமல் போனது. அதற்குப் பதில் தரவேண்டியவர் அப்போதைய செர்பிய அதிபர் ஸ்லோபோடான் மிலோஷெவிச். 2002 பிப்ரவரியில் தொடங்கிய அவர் வழக்கு, குரோவாசியா, போஸ்னியா, கொசோவோ மூன்றையும் ஒரே விசாரணையில் அடைத்ததால் நான்கு ஆண்டு இழுத்தது. 2006 மார்ச்சில் அவர் சிறையறையில் இறந்தார். தீர்ப்பு இல்லை. கொசோவோவை மட்டும் தனியாக எடுத்து முடித்திருந்தால் ஒரு தீர்ப்பாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்து, ஆவணங்கள். பெல்கிரேடின் உச்சப் பாதுகாப்பு மன்றக் கூட்டக் குறிப்புகளைத் தீர்ப்பாயத்திடம் கொடுத்தபோது, சில பகுதிகளை வெளியிடாமல் மறைக்க செர்பியா அனுமதி பெற்றது. தி ஹேக் நகரிலேயே இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தில் போஸ்னியா தொடுத்த வழக்கில் அந்தப் பகுதிகள் கறுப்படித்தே வந்தன. முழுமையாகத் தரச்சொல்லி அந்த நீதிமன்றமும் உத்தரவிடவில்லை. 2007-ல் வந்த தீர்ப்பு, செர்பியா இனப்படுகொலையைத் தடுக்கத் தவறியது, ஆனால் அதைச் செய்ததாகப் பொறுப்பாக்க முடியாது என்றது. சாட்சியத்தை மறைக்க ஒரு நீதிமன்றம் இடம் கொடுத்தது. சாட்சியம் போதவில்லை என்றது இன்னொன்று.

யூகோஸ்லாவிய ராணுவத் தளபதி மோம்சிலோ பெரிஷிச்சுக்கு 2011-ல் 27 ஆண்டு தண்டனை விதித்தார்கள். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு அவரை விடுவித்தது. அவர் தந்த உதவி 'குறிப்பாகக் குற்றத்தை நோக்கியே' தரப்பட்டதென நிரூபணமாகவில்லை என்பதே காரணம். போருக்குப் பொதுவாக ஆயுதம் கொடுத்தேன் என்று சொல்லும் எந்தத் தளபதியும் இந்த வாசல் வழியே தப்பலாம். ஓராண்டுக்குள், 2014 ஜனவரியில், அதே தீர்ப்பாயத்தின் வேறொரு அமர்வு அந்த அளவுகோலே தவறு என்று நிராகரித்தது. பெரிஷிச்சின் விடுதலை மட்டும் அப்படியே நின்றது. இடையில், நீதிபதிகள் மீது அழுத்தம் இருப்பதாக சக நீதிபதி ஃப்ரெடரிக் ஹார்ஹோஃப் எழுதிய தனிக்கடிதம் வெளியாகி, அவரே ஒரு வழக்கிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சந்தேகம் சரியா தவறா என்று யாரும் தீர விசாரிக்கவில்லை.

நம்மில் பலர் இலங்கைப் போர் தொடர்பாக 2009 முதல் 'சர்வதேச விசாரணை' என்ற கோரிக்கையைக் கேட்டுவருகிறோம். அதை எழுப்புகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ்காரர்கூட இருந்ததில்லை. மிலோஷெவிச்சை அனுப்பிவைத்தது 2001 ஜூனில், செர்பியாவுக்கு நிதி தரும் நாடுகளின் மாநாட்டுக்கு முந்தைய நாள். போஸ்னிய செர்பியத் தலைவர் ரடோவன் கராட்ஜிச் 2008-லும் ம்லாடிச் 2011-லும் பிடிபட்டதற்குப் பின்னால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசை இருந்தது. அப்படி ஒரு பிடி இல்லாத நாட்டில் பிடியாணை வெறும் காகிதம்தான். பாதுகாப்பு கவுன்சிலில் எந்த வல்லரசும் மறுப்பு வாக்கைப் போடாத 1993-ன் சூழலும் எளிதில் திரும்பக் கிடைப்பதல்ல.

161 பேர் மீது குற்றம் சாட்டி, அவர்களில் ஒருவரும் தலைமறைவாக மிஞ்சாமல் 2017 இறுதியில் தீர்ப்பாயம் கதவை மூடியது. எந்தச் சர்வதேச நீதிமன்றத்துக்கும் இது அரிய சாதனை. மிச்ச வழக்குகள் அதன் வாரிசு அமைப்புக்குப் போயின. அவற்றில் செர்பிய உளவுத்துறைத் தலைவர் யோவிட்சா ஸ்டானிஷிச், அவரது துணை அதிகாரி ஃப்ராங்கோ சிமாடோவிச் வழக்கும் ஒன்று. இருவரும் 2013-ல் விடுவிக்கப்பட்டு, 2015-ல் மறுவிசாரணைக்கு உத்தரவாகி, 2021-ல் குற்றவாளிகள் ஆனார்கள். 2023 மே 31 அன்று மேல்முறையீட்டில் தண்டனை 15 ஆண்டாக உயர்ந்தது. போஸ்னியாவில் நடந்த குற்றங்களுக்காக செர்பிய அரசின் அதிகாரிகள் இறுதித் தீர்ப்பில் தண்டிக்கப்பட்ட வழக்கு அது ஒன்றுதான். தீர்ப்பாயம் அமைந்து அப்போது முப்பது ஆண்டும் ஆறு நாளும் ஆகியிருந்தன.