‘நேரமில்லை’ என்னும் வாதம்

எமது பிரதேசத்தின் இலக்கியக் கூட்டங்களிலே அடிக்கடி செவியில் விழும் சொல் ஒன்றுண்டு. நூலொன்றைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டாலும், சஞ்சிகைக்குக் கட்டுரை கேட்டாலும், மாணவர் மன்றத்திற் பேச அழைத்தாலும் ‘நேரமில்லை’ என்பதே விடையாக வருகின்றது. இவ்வாறு கூறுவோரிற் பெரும்பாலோர் எம்மைப் போன்ற ஆசிரியர்கள். இவ்விடை பொய்யன்று, ஆயின் முழு உண்மையுமன்று. பொய்யுமன்றி முழு உண்மையுமன்றி நிலவும் கருத்துகளே விமரிசனத்தின் கவனத்துக்கு முதலில் உரியவை. நேரமின்மை தனிமனிதனின் குறையா, சமுதாய அமைப்பின் விளைவா என்ற வினாவுக்கு விடை காணாமல் எமது இலக்கிய வறட்சியை விளக்கிவிட முடியாது.

இவ்வினாவைத் தமக்கே உரிய முறையில் தீர்த்துவைப்பதாக உரிமை கோரும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளிற் குவிந்து கிடக்கின்றன. ‘நேர முகாமைத்துவம்’ என்ற பெயரில் விற்பனையாகும் இவ்வகை எழுத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கில நாவலாசிரியரான ஆர்னல்ட் பெனற், ஒரு நாளின் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் வாழ்வது எவ்வாறு என்பதை விளக்கி 1908 இல் எழுதிய சிறுநூல் இதன் முன்னோடிகளுள் ஒன்று. அலுவலகத்தில் உழைக்கும் நடுத்தர வர்க்க மனிதனை நோக்கியே அவர் பேசுகிறார். செல்வனுக்கும் வறியவனுக்கும், மேதைக்கும் பாமரனுக்கும் ஒரு நாளில் ஒரே அளவான நேரமே கிடைக்கின்றது என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. எனவே பணத்திலே சமத்துவம் இல்லாவிடினும் நேரத்திலே சமத்துவம் உண்டு என்கிறார்.

இக்கருத்து கவர்ச்சியானது. ஆனால் அதே நூலின் முன்னுரை இதனைத் தானே மறுத்துவிடுகின்றது. அதிகாலையில் எழுந்து படிக்க விரும்புபவனுக்குத் தேநீர் தேவைப்படுமல்லவா? அதற்குப் பெனற் வழி சொல்கிறார்: கிண்ணம், விளக்கு, தீப்பெட்டி, தேயிலை யாவற்றையும் ஒரு தட்டிலே முன்னிரவே ஒழுங்காக எடுத்து வைக்கும்படி வீட்டிலுள்ள இன்னொருவருக்குக் கட்டளையிட வேண்டும். அந்த இன்னொருவர் ஒரு பெண் என்பதை அவரது சொற்களே புலப்படுத்துகின்றன. தட்டை எடுத்து வைத்த அப்பெண்ணின் இருபத்துநான்கு மணித்தியாலம் என்னவாயிற்று என்ற கேள்வி அந்நூலில் எங்கும் எழவில்லை. ஒருவன் மிச்சப்படுத்திய நேரம் இன்னொருத்தியிடமிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம் என்ற உண்மையை மறைப்பதே இவ்வகை எழுத்தின் ஆதாரமான குறைபாடு. இதற்குப் பின் வந்த நூல்கள் பலவும் அட்டவணைகளையும் குறிப்பேடுகளையும் கைப்பேசியையும் சேர்த்துக்கொண்டனவேயன்றி, இக்குறைபாட்டை நீக்கவில்லை.

இனி எமது கரையோரத்தின் இருபத்துநான்கு மணித்தியாலத்தை நோக்குவோம். பாடசாலை காலை 7.30 க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 க்கு முடிகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆசிரியன் அரைநாள் ஊழியன். ஆனால் பிற்பகல் இரண்டரை மணிக்கு அவன் பிரத்தியேக வகுப்பிலே நிற்கிறான். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைகள் வரிசையாக நிற்கின்றன. மஃரிபுக்குப் பின்னர் மற்றொரு வகுப்பு. இரவிலே விடைத்தாள்கள், பாடக்குறிப்புகள், வலயக் கல்வி அலுவலகம் கேட்ட படிவங்கள். இடையிலே படிப்பதற்கு எஞ்சுவது உறக்கம் கலந்த அரைமணித்தியாலம்.

இந்த ஓட்டத்தின் காரணம் வெறும் பேராசை என்று கூறுவது அநீதி. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் எமது ஊர்களிலே திருமணத்தின்பின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதே வழமை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தந்தையினதும் சகோதரரினதும் கடமை. மகள் பிறந்த நாளிலேயே கல்லும் சீமெந்தும் பற்றிய கவலையும் பிறந்துவிடுகின்றது. மருதமுனையின் கைத்தறியில் இருப்பவரும், கடலிலே கரைவலை இழுப்பவரும், வளைகுடா நாடுகளிலே பாலைவன வெயிலில் நிற்பவரும் தம் வாழ்நாளின் ஆண்டுகளைக் கல்லாக மாற்றிக்கொண்டிருக்கின்றனர். ஆசிரியன் மாலைகளை மாற்றுகிறான், அவ்வளவே வேறுபாடு. எமது வீட்டுச் சுவர்களிலே எத்தனை மனிதரின் வாசிக்கப்படாத நூல்கள் புதைந்து கிடக்கின்றன என்பதை எவரும் கணக்கிட்டதில்லை.

இந்நிலையிலே எமது மண்ணோடு தொடர்புடைய ஒரு வரலாற்று நிகழ்ச்சியை மீளாய்வு செய்வது பயன் தரும். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதலாவது முஸ்லிம். இரண்டாம் உலகப்போர் மூண்டு, பர்மா வீழ்ந்து, அரிசி இறக்குமதி தடைப்பட்ட 1942 ஆம் ஆண்டிலே அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே அவருக்கிடப்பட்ட பணி. நெல்லைப் பெருக்க வந்தவர், நெல் விளைவிப்போரின் பிள்ளைகள் கல்வியின்றி இருப்பதைக் கண்டார். கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை நிறுவினார். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரின் தொடர்பும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் நட்பும் அவர் சிந்தனையை வளர்த்தன. வசதியற்ற மாணவருக்கு உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி 1945 இல் அவரது முயற்சியால் உருவாயிற்று. 1948 இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அப்பணியில் இருந்தார்.

அஸீஸைப் போற்றுவோர் இதனைத் ‘தியாகம்’ என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். அச்சொல் அவரை உயர்த்துவதுபோலத் தோன்றி, உண்மையில் எம்மிடமிருந்து தூரப்படுத்துகின்றது. தியாகிகளை வணங்கலாம், பின்பற்ற வேண்டியதில்லை. ஆயின் அவர் செய்தது தீர்ப்பு. நிருவாகக் கோப்புக்குச் செலவாகும் மணித்தியாலத்தையும் மாணவனுக்குச் செலவாகும் மணித்தியாலத்தையும் நிறுத்துப் பார்த்து, எது யாருக்குப் பயன்படுகின்றது என்று தீர்மானித்தார். நேரத்தை எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்று கேட்கும் முகாமைத்துவ நூல்கள், நேரம் யாருக்காக என்று கேட்பதில்லை. அஸீஸ் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

அதேவேளை, அவ்வாறு கேட்பதற்கான வாய்ப்பு அவருக்கு இருந்தது என்பதையும் மறத்தலாகாது. பல்கலைக்கழகக் கல்வியும் சமூகச் செல்வாக்கும் உடையவர் பதவியைத் துறந்தால் மற்றொரு பதவி அவரைத் தேடி வரும். 1952 இல் அவர் செனற்சபை உறுப்பினருமானார். வங்கிக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியன் துறப்பதற்கு என்ன இருக்கின்றது? மேலும், ‘இலங்கையில் இஸ்லாம்’, ‘மொழிபெயர்ப்புக் கலை’, ‘தமிழ் யாத்திரை’ முதலிய அவரது தமிழ் நூல்கள் அதிபர் பணியிலிருந்து விலகியதன் பின்னர், 1960களிலேயே வெளிவந்தன. நிறுவனத்துக்கு முழுமையாகத் தம்மைக் கொடுத்தவருக்கும் எழுதுவதற்கான ஓய்வு பிந்தியே கிட்டியது போலும்.

ஆகவே எமக்கு நெருங்கிய உதாரணம் வேறிடத்தில் உள்ளது. பெரியநீலாவணையில் 1931 இல் பிறந்த கவிஞர் நீலாவணன் ஆசிரியராகவே வாழ்ந்தவர். அவர் பதவி துறக்கவில்லை; விபுலாநந்தரைப்போல் உலகியலையும் துறக்கவில்லை. வகுப்பறைக்கும் குடும்பத்துக்குமிடையிலே கவிதை எழுதினார். கல்முனையிலே எழுத்தாளரைக் கூட்டி இயக்கம் நடத்தினார். ‘பாடும் மீன்’ சஞ்சிகையை வெளியிட்டார். அவர் 1975 இல் மறைந்தார். ‘வழி’ 1976 இலும், கிழக்கின் உழவர் வாழ்வைப் பாடும் ‘வேளாண்மை’ 1982 இலும் நூலாயின. அவற்றைக் கையிலே ஏந்திப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. இந்த இரு ஆண்டுகளையும் மறைந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியன் எவனும் ‘ஓய்வுபெற்ற பின் எழுதுவேன்’ என்று நிம்மதியாகச் சொல்ல மாட்டான்.

யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா தமது முடிதிருத்தகத்திலிருந்தே 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கியதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். கத்திரிக்கோலுக்கும் அச்சுப்படிக்கும் ஒரே நாளில் இடம் கண்டவர் அவர். இவர்களெல்லாம் எம்மைவிட ஓய்வு மிகுந்தவர்கள் அல்லர். எழுத்தை வேலை முடிந்த பின்னர் எஞ்சும் பொழுதுபோக்காகக் கருதாமல், தாம் வாழும் சமுதாயத்துக்குச் செய்யவேண்டிய வேலையாகக் கருதினர். எனவே அது மற்றைய வேலைகளோடு சமமாக நின்று நேரம் கேட்டது; பெற்றுக்கொண்டது.

இக்கட்டுரையாளனின் அனுபவமொன்றையும் கூறுதல் நேர்மையாகும். வாசிப்புக்காக மாலை வகுப்பொன்றை நிறுத்தினேன். வருமானம் குறைந்தது; மேசையிலே நூல்கள் விரிந்தன. முதற்கிழமை பெருமையாக இருந்தது. இரண்டாங்கிழமை, தானும் ஆசிரியையான என் மனைவி, விடைத்தாள் கட்டை ஒரு கையிலும் பிள்ளையை மறுகையிலும் வைத்துக்கொண்டு, “உங்களுக்கு நேரம் மிச்சம் வந்திச்சு, எனக்கு எங்கால வரும்?” என்று கேட்டாள். பெனற் நூலின் தேநீர்த் தட்டு என் வீட்டிலேயே இருந்ததை அன்றுதான் கண்டேன். அதன்பின் கிழமையில் மூன்று மாலைகள் அவளுடையவை. அடுப்பும் பிள்ளையும் என்னுடையவை. எனது வாசிப்பு குறைந்தது. ஆனால் வீட்டிலே வாசிப்போர் தொகை இரண்டாயிற்று.

தனிமனிதர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதோடு பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. பங்கிடுவதற்கு நேரம் இருக்க வேண்டும். அதனைத் தொழிலாளி வர்க்கம் போராடியே பெற்றது. பிரித்தானியாவில் பெண்களுக்கும் இளையோருக்குமான பத்துமணிநேரச் சட்டம் 1847 இல் வந்ததும், சர்வதேச தொழில் நிறுவனத்தின் முதலாவது உடன்படிக்கை 1919 இல் எட்டுமணிநேர நாளை ஏற்றதும் எவரும் அட்டவணை போட்டு வாழ்ந்ததால் அன்று. வேலைநாளின் நீளம் பற்றிய போராட்டத்துக்கு மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த மூலதன நூலில் ஒரு நீண்ட அத்தியாயத்தை ஒதுக்கியதன் பொருளும் இதுவே. இலங்கை ஆசிரியர்கள் இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டை எதிர்த்து 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, பணத்துக்காகவே போராடுகின்றனர் என்று பலர் பழித்தனர். சம்பளம் போதுமானதாயின் மாலைகள் விடுதலை பெறும் என்பதை அவர்கள் உணரவில்லை. சம்பளக் கோரிக்கை நேரக் கோரிக்கையும் ஆகும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி விலைவாசியை உயர்த்தி, எஞ்சியிருந்த மாலைகளையும் பறித்தது என்பதை இதற்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆகவே ‘நேரமில்லை’ என்ற வாதத்துக்கு இரண்டு பதில்கள் உள. இரண்டும் ஒருங்கே தேவை. இல்லாத நேரத்தைச் சங்கமாக நின்று கேட்டுப் பெற வேண்டும். இருக்கின்ற சிறிதளவு நேரத்தை யாருக்குக் கொடுக்கிறோம், யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே விசாரித்தல் வேண்டும். முதலாவதை மறந்தவன் முகாமைத்துவ நூலுக்கு இரையாவான். இரண்டாவதை மறந்தவன் மேடையிலே புரட்சி பேசி, வீட்டிலே தேநீர்த் தட்டை எதிர்பார்ப்பான். அடுத்த கூட்டத்திலே எம்மிடம் கட்டுரை கேட்கப்படும்போது, ‘நேரமில்லை’ என்று கூறுமுன், அது யாரிடம் இருக்கின்றது என்று ஒருமுறை சிந்திப்போமாக.