சொறின்னா உடனே ஊசியா?

ஊரில் எங்கள் பசுவுக்கு வாலடியில் முடி கொட்டி, தோல் தடித்திருந்தது. அப்பா ஒரு கைப்பிரதியை நீட்டினார். சொறி வந்தால் ஐவர்மெக்டின் ஊசி போடவும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

மருந்தில் குறை இல்லை. ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015 நோபல் பரிசு அந்த மருந்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான். எந்தச் சொறி என்று கைப்பிரதி கேட்கவே இல்லை என்பதுதான் என் புகார். லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் பண்ற வேலை இது.

சார்கோப்டிஸ் என்ற சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே வாழும். கோரியோப்டிஸ் தோலின் மேலேயே, பெரும்பாலும் கால்களிலும் வாலடியிலும் இருக்கும். ஊசி அதை முழுசாக ஒழிக்காது, முதுகில் ஊற்றும் மருந்துதான் தேவலை. படர்தாமரையோ பூஞ்சை. ஐவர்மெக்டின் அதை ஒண்ணும் பண்ணாது. பிரித்தறிய, புண்ணின் ஓரத்தை லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரு தடவை எதுவும் சிக்கவில்லை என்பதால் சார்கோப்டிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஐவர்மெக்டின் கொழுப்பில் கரையும். ஊசி போட்ட மாட்டின் பாலில் நாள்கணக்கில் வந்துகொண்டிருக்கும். அதே குடும்பத்து எப்ரினோமெக்டினைக் கறவை மாட்டுக்கு ஊற்றினால் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்று பல நாடுகளில் அனுமதி உண்டு. அந்தப் பேரும் அதில் இல்லை.

அப்பா ஊசி வாங்கியே வைத்திருந்தார். பசு அப்போது கறவையில். பாதிப் பால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.